கிப்பரிலிருந்து கோர்சோக் வரை: பராங் லா நடைப்பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இமாச்சலத்தின் ஸ்பித்திப் பள்ளத்தாக்கில் கிப்பர் என்றொரு கிராமம். அங்கே தொடங்கும் பழைய குதிரைப்பாதை ஏறக்குறைய 5,580 மீட்டர் உயரத்தில் பராங் லா கணவாயைத் தாண்டி, லடாக்கின் சோ மோரிரி ஏரிக்கரையில் உள்ள கோர்சோக்கில் முடிகிறது. நிதானமாக நடந்தால் எட்டு நாள். இடையில் ஊர் இல்லை, கடை இல்லை, செல்பேசிக்கு சிக்னல் இல்லை. பாதையின் இரு முனைகளிலும் திபெத்திய பௌத்தர்கள் வாழ்கிறார்கள். திபெத்திய மொழியோடு உறவுடைய பேச்சுதான் இரு பக்கமும். வாழ்க்கைமுறை மட்டும் முற்றிலும் வேறு. ஸ்பித்திக்காரர்கள் வாற்கோதுமையும் பட்டாணியும் விளைவிக்கும் விவசாயிகள். கோர்சோக் பக்கத்துச் சாங்பாக்கள் ஆடு, செம்மறி, யாக் மந்தைகளோடு இடம்பெயரும் மேய்ப்பர்கள்.

இந்த இரண்டு மக்களையும் இணைத்தது பராங் லா. கிப்பர்க்காரர்கள் தாங்கள் வளர்த்த குதிரைகளை ஓட்டிக்கொண்டு போய், சாங்பாக்களிடம் யாக்குகளை மாற்றி வாங்கி வந்தார்கள். தானியம் அந்தப் பக்கம் போனது, கம்பளி இந்தப் பக்கம் வந்தது. கிப்பரில் லடார்ச்சா என்ற சந்தை கூடும். லடாக், ஸ்பித்தி, புஷஹர் (பக்கத்துப் பழைய சமஸ்தானம்) வணிகர்கள் பண்டமாற்று செய்வார்கள். திபெத் எல்லை மூடப்பட்டபின் அது நின்றுபோனது. பல ஆண்டுகள் கழித்து ஸ்பித்தியின் தலைமை ஊரான காசாவில் ஆகஸ்டு மாத விழாவாக மறுபடி தொடங்கியது. ஆகவே நீங்கள் நடக்கப்போவது யாரோ சாகசக்காரர்கள் கண்டுபிடித்த வழியில் அல்ல. ஒரு சமூகத்தின் வணிகச் சாலையில்.

இதைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் கணவாய் ஏறும் நாளைப் பற்றியே யோசிக்கிறார்கள். அந்த நாள் எப்படிப் போகும் என்பதை அதற்கு முந்தைய பத்து நாட்கள்தான் தீர்மானிக்கின்றன. ஸ்பித்தி கிராமங்களில் அவசரமில்லாமல் தங்கினால் உடல் உயரத்துக்குப் பழகும். அந்த மக்களோடு உட்கார்ந்து பேசவும் நேரம் கிடைக்கும். விடுமுறை பத்து நாள்தான் என்றால் இந்தப் பாதையை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். ஸ்பித்தி கிராமங்களை மட்டும் நடந்து பாருங்கள், அதுவே நிறைவான பயணம். பராங் லாவுக்கு வீட்டிலிருந்து வீடு வரை மூன்று வாரத்துக்கு மேல் வேண்டும்.

எந்த மாதம்?

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. ஸ்பித்தி மழைமறைவுப் பகுதி என்பதால் பருவமழை அங்கே முழுவீச்சில் எட்டுவதில்லை. அப்படியும் ஜூலை, ஆகஸ்டில் கின்னௌர் பக்கமும் மணாலி பக்கமும் நிலச்சரிவால் சாலை அடைபடும். போகும்போது இரண்டு நாள், வரும்போது இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் கணவாயின் வடக்குப் பக்கப் பனியாற்றில் குளிர்காலப் பனி இன்னும் மூடியிருக்கும், பிளவுகள் கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏற ஏற ஆறுகளும் பெருகும். ஆகஸ்டு கடைசியில் ஆறு கொஞ்சம் வடியும், பிளவுகள் வெளியே தெரியும். இரவுக் குளிர் மட்டும் கூடும். நான் பரிந்துரைப்பது ஆகஸ்டு கடைசி வாரமும் செப்டம்பர் முதல் வாரமும்தான். ஒரு சிக்கல் உண்டு: ஸ்பித்தியில் அது அறுவடைக் காலம். குதிரைக்காரர்களுக்கும் வயல் இருக்கிறது. அந்த நேரத்தில் கிப்பருக்குப் போய் இறங்கி "நாளைக்குக் குதிரை வேண்டும்" என்று கேட்டால் கிடைக்காது. இரண்டு மூன்று மாதம் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

அனுமதியும் அடையாளமும்

கிப்பருக்கு மேலே உள்ள மலைகள் வனவிலங்குச் சரணாலயம். சோ மோரிரி சாங்தாங் சரணாலயத்துக்குள் வருகிறது, சீன எல்லையும் தூரமில்லை. வனத்துறை அனுமதியைக் காசாவில் வாங்க வேண்டும். லடாக் பக்கத்துக்கான கட்டணத்தையும் பதிவையும் லே நிர்வாகத்தின் இணையதளத்தில் முடித்து, அச்செடுத்த பிரதிகளோடு போங்கள். விதிகள் ஆண்டுக்காண்டு மாறுவதால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள தமிழர்களுக்குத் தனி அனுமதி தேவை. அதைப் பதிவுபெற்ற முகவர் மூலமாகத்தான் எடுக்க முடியும், நேரமும் கூடுதலாகும்.

ஒரு எச்சரிக்கை. செயற்கைக்கோள் தொலைபேசியையோ செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவிகளையோ தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து நல்லெண்ணத்தோடு அதை எடுத்துவந்து விமான நிலையத்தில் கைதானவர்கள் இருக்கிறார்கள். ட்ரோனையும் எடுத்துப் போகாதீர்கள், எல்லைப் பகுதி அது.

துணைக்கு யார்?

இந்தப் பாதையில் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். பனியாற்றில் எங்கே கால் வைக்கலாம், பாரே சூ ஆற்றை இந்த ஆண்டு எந்த இடத்தில் கடக்கலாம் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது. ஆற்றின் ஓட்டம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது.

பெருநகர நிறுவனங்கள் மூலம் போகலாம்தான். ஆனாலும் காசாவிலோ கிப்பரிலோ இருப்பவர்கள் நடத்தும் குழுவைத் தேடுங்கள். பணம் அந்த ஊரிலேயே தங்கும், குதிரைகளும் அவர்களுடையவையாகவே இருக்கும். பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள். வழிகாட்டி கடந்த இரண்டு ஆண்டுகளில் இதே கணவாயைக் கடந்தாரா? ஆக்சிஜன் சிலிண்டரும் கயிறும் குழுவோடு வருமா? குதிரைக்காரரின் திரும்பும் நாட்களுக்கான கூலி கணக்கில் சேர்ந்திருக்கிறதா? மூன்றாவது கேள்வியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் கோர்சோக்கிலிருந்து வண்டியேறிப் போய்விடுவீர்கள். குதிரைக்காரர் அதே கணவாயை மறுபடி தாண்டித்தான் வீடு போய்ச் சேர வேண்டும். அந்த நாட்களுக்கும் சேர்த்துக் கொடுப்பதுதான் வழக்கம். அதைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவது சரியில்லை.

மெதுவாக ஏறும் வழி: கின்னௌர்

காசாவுக்கு இரண்டு சாலைகள். மணாலியிலிருந்து அடல் சுரங்கம் வழியாகப் போய், 4,551 மீட்டர் உயரக் குன்சும் கணவாயைத் தாண்டி ஒரே நாளில் சேர்ந்துவிடலாம். கேட்க வசதியாக இருக்கும். உடம்புக்குத்தான் அது கேடு. கடல்மட்டத்தில் வாழ்கிறவர்கள் இரண்டாம் நாளே தலைவலியோடு காசாவில் படுத்துக்கிடப்பது இந்தச் சாலையால்தான்.

சிம்லா, கின்னௌர் மாவட்டம் வழியாக வாருங்கள். சிம்லா ஏறக்குறைய 2,200 மீட்டர், அடுத்து கல்பா 2,900 சொச்சம், அதற்கடுத்து நாகோ 3,600 சொச்சம், பிறகு தாபோவில் 3,280க்கு இறங்கி, கடைசியாகக் காசா 3,650. ஒவ்வொரு ஊரிலும் ஓர் இரவு தங்கினால், காசாவில் இறங்கும்போதே பாதி வேலை முடிந்திருக்கும். தாபோவில் மட்டும் முடிந்தால் இரண்டு இரவு. கி.பி. 996இல் நிறுவப்பட்ட மடம் அது. வெளியிலிருந்து பார்த்தால் மண்சுவர்தான். உள்ளே ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள சுவரோவியங்களும் சுதைச் சிற்பங்களும் இருட்டில் நிற்கின்றன. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. சிறிய டார்ச் ஒன்றை எடுத்துப்போய், கண் இருட்டுக்குப் பழகும்வரை நின்று பாருங்கள்.

இந்த வழியில் ஆறு ஒன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். தாபோவுக்கு முன்னால் சும்தோ என்ற இடத்தில் ஸ்பித்தி ஆற்றோடு பாரே சூ கலக்கிறது. பராங் லாவின் அந்தப் பக்கம் பிறந்து, லடாக்குக்குள் ஓடி, திபெத்துக்குள் நுழைந்து, மறுபடி இமாச்சலத்துக்கு வந்து சேரும் ஆறு இது. 2004இல் திபெத்துக்குள் மலை சரிந்து அதை அடைத்து ஏரி உண்டானது. 2005 ஜூனில் அது உடைந்து, சட்லெஜ் கரை நெடுகப் பாலங்களையும் சாலைகளையும் அடித்துப் போனது. இரண்டு வாரத்துக்குள் இதே ஆற்றின் பிறப்பிடத்தில் செருப்பு மாற்றிக்கொண்டு இறங்கப்போகிறீர்கள்.

காசாவும் மேல் கிராமங்களும்

காசாவில் மூன்று இரவு. பணம் எடுக்க வேண்டியதை இங்கேயே எடுத்துவிடுங்கள்; இதற்கப்பால் ஏடிஎம்மை நம்ப முடியாது. பகலில் லங்சா, ஹிக்கிம், கோமிக் என்று 4,400 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர்களுக்குப் போய் நடந்துவிட்டு, இரவுக்குக் காசாவுக்கே இறங்கிவிட வேண்டும். உயரத்தில் நட, தாழ்வில் தூங்கு என்பதுதான் மலைக்காரர்கள் சொல்லும் விதி. லங்சா வயல்வெளிகளில், இமயமலை எழும் முன் இங்கே இருந்த டெதிஸ் கடலின் புதைபடிவங்கள் கிடக்கும். சிறுவர்கள் விற்கவும் கொண்டுவருவார்கள். எடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

பிறகு கிப்பர், 4,200 மீட்டர். இங்கே குறைந்தது மூன்று இரவு தங்கச் சொல்வேன். ஒரு நாள் சிச்சம் பாலம் வரை நடக்கலாம். பள்ளத்தாக்கின் அடி தெரியாத ஆழத்துக்கு மேல் கட்டியது. அதற்குமுன் கயிற்றில் தொங்கும் கூடையில்தான் ஆட்கள் கடந்தார்கள். இன்னொரு நாள் கனாமோ சிகரத்தின் அடிச்சரிவில் 4,800 மீட்டர்வரை ஏறி இறங்கலாம். அங்கே தலைவலிக்காமல், பசி குறையாமல், இரவு தூக்கமும் வந்தால் உடம்பு தயார்.

மூன்று இரவு தங்கும்போது ஹோம்ஸ்டே வீட்டில் தங்குங்கள். குளிரில் வீட்டார் அனைவரும் நடு அறையின் அடுப்பைச் சுற்றித்தான் இருப்பார்கள், நீங்களும் அங்கேதான். உட்காருமிடத்தில் ஒரு வரிசை இருக்கிறது: பெரியவருக்கும் லாமாவுக்கும் உரிய இடம் தனி. காட்டும்வரை நின்றிருந்து, காட்டிய இடத்தில் உட்காருங்கள். அடுப்பு அவர்களுக்குத் தெய்வத்தின் இடம். சிகரெட்டையோ காகிதக் குப்பையையோ அதில் போடக்கூடாது, காலை அதை நோக்கி நீட்டவும் கூடாது. உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீர் வரும். குடித்தால் உடனே நிரப்புவார்கள். போதும் என்றால் நிரம்பிய கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு, எழுந்து கிளம்பும்போது குடித்து முடிக்கலாம். அதனோடு த்சம்பா மாவும் வரும். வறுத்து அரைத்த வாற்கோதுமைதான், தேநீரில் பிசைந்து சாப்பிட வேண்டும். நடைக்கு இதைவிட நல்ல உணவு வேறில்லை. ஒரு பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். கிப்பரின் வயலும் குடிநீரும் பனி உருகி வரும் நீரையே நம்பியிருக்கின்றன. பனி குறைந்த ஆண்டுகளில் விதைப்பே சிக்கலாகிறது. குளிக்க வாளி வாளியாகக் கேட்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்துக்கொண்டால் போதும். கழிப்பறை பெரும்பாலும் உலர்முறை. மேலே ஓட்டை, கீழே மண்ணும் சாம்பலும். ஓராண்டில் அது எருவாகி வயலுக்குப் போகும். அதற்குள் தண்ணீரையோ, நாப்கினையோ, ஈரத்துடைப்புத் தாளையோ போட்டால் அந்த எருவே கெட்டுவிடும். நாப்கினைப் பையில் கட்டிக் கீழே கொண்டுபோவதுதான் வழி.

ஸ்பித்தியின் குடும்ப அமைப்பையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மரபுப்படி பெரிய வீடும் நிலமும் மூத்த மகனுக்கு. அவன் குடும்பத்தை ஏற்றதும் பெற்றோர் சிறிய வீட்டுக்குப் பெயர்ந்துவிடுவார்கள். இளைய மகன்கள் மடத்துக்குப் போவார்கள். நிலம் துண்டாகாமல் காத்த ஏற்பாடு இது. இன்று பள்ளிக்கூடமும் நகர வேலையும் சுற்றுலாவும் இதை மாற்றிக்கொண்டிருக்கின்றன. மாற்றத்தைப் பற்றி வீட்டுப் பெண்களிடம் பேசிப் பாருங்கள், வாய்விட்டுச் சொல்வார்கள்.

பனிச்சிறுத்தை கிப்பரின் இன்னொரு கதை. மந்தையை அடிக்கும் விலங்கு என்று வெறுத்த காலம் போய், மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியை மேய்க்காமல் காட்டு ஆடுகளுக்காக ஊரே ஒதுக்கிவைத்தது. மைசூரைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள் கிராமத்தோடு சேர்ந்து செய்த ஏற்பாடு அது. இழந்த கால்நடைக்குக் காப்பீடும் வந்தது. வழியில் பாரல் என்ற நீலச் செம்மறிகள் கூட்டமாக நிற்பதைப் பார்க்கும்போது இந்த ஏற்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

வணக்கத்துக்கு இரு பக்கமும் "ஜுலே" போதும். லடாக்கில் பெயரோடும் உறவுமுறையோடும் "லே" சேர்த்தால் மரியாதை: மூத்தவரை அச்சோ-லே, மூத்த பெண்ணை அச்சே-லே, தாத்தாவை மேமே-லே, பாட்டியை அபி-லே. மணிச்சுவரையும் (மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய சுவர்) சோர்ட்டனையும் (பௌத்தத் தூபி) எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் வைத்துத்தான் கடக்க வேண்டும். சுற்றுவழியாக இருந்தாலும் குதிரைக்காரர் அப்படித்தான் போவார், பின்னாலேயே போங்கள்.

நாள் நாளாகப் பாதை

முதல் நாள், கிப்பர் முதல் தும்லா. அரை நாள் நடைதான். வேண்டுமென்றே குறைவாக வைத்தது. குதிரைச் சுமை சமப்படவும் கூடாரம் போடும் ஒழுங்கு பழகவும் இந்த நாள் வேண்டும். ஊர்க்காரர்களின் கோடை மேய்ச்சல் நிலம் இது.

இரண்டாம் நாள் தல்தக். புல்வெளி ஏற்றம், காற்று பலமாக அடிக்கும், வழியில் தண்ணீர் அரிது. கிளம்பும்போதே மூன்று லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் பலருக்கும் எதிர்பாராத அடி. கணவாயை நோக்கிப் போகிறோம் என்று நினைத்தால், பாதை பரிலுங்பி ஆற்றின் பிளவுப் பள்ளத்துக்குள் செங்குத்தாக இறங்குகிறது. இறங்கிய உயரம் மொத்தத்தையும், அதற்கு மேலும், சரளைக்கல் சரிவில் திரும்ப ஏற வேண்டும். சேரும் இடம் போங்ரோஜென், சுமார் 5,150 மீட்டர். கூடாரம் போட இடம் குறைவு, கல் நிறைய. அன்றிரவு யாருக்கும் நல்ல தூக்கம் வராது, அது இயல்புதான்.

நான்காம் நாள் கணவாய். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். சரளைச் சரிவில் இரண்டு மூன்று மணிநேரம் மெதுவாக ஏறினால் உச்சி. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். பத்து அடி வைத்து நின்று மூச்சுவிடுவதே சரியான வேகம். உச்சியில் கொடிகள் கட்டிய கற்குவியல் இருக்கும். குதிரைக்காரர்கள் "கி கி ஸோ ஸோ லார்கியாலோ" என்று உரக்கக் கூவுவார்கள், கூடச் சேர்ந்து கூவுங்கள். கற்குவியலில் கொடியோ கல்லோ எதையும் எடுக்கக்கூடாது. அரைமணிக்கு மேல் அங்கே நிற்கவும் வேண்டாம்.

அடுத்தது பனியாறு. பனி இறுகியிருக்கும் காலையில் கடந்துவிட வேண்டும், வெயில் ஏறினால் முழங்கால்வரை புதையும், பிளவுகளின் மேல் மூடிய பனியும் தளரும். வழிகாட்டியின் கால்தடத்திலேயே கால்வையுங்கள். படம் எடுக்க நான்கடி விலகுவதுகூட ஆபத்து. பனி புதிதாக விழுந்திருந்தால் கயிற்றில் பிணைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். கருங்கண்ணாடியைக் கழற்றவே வேண்டாம். பனியில் எதிரொளிக்கும் வெயிலில் ஒரு மணிநேரம் போதும், இரவில் கண்ணைத் திறக்க முடியாதபடி எரியும். பனியாறு முடியும் இடத்தில் பாரே சூ பிறக்கிறது. அதையொட்டி இறங்கி கார்சா கோங்மாவில் முகாம், சுமார் 5,000 மீட்டர்.

ஐந்தாம், ஆறாம் நாட்கள் தத்தாங் யோங்மா வழியாக நோர்பு சும்தோவரை ஆற்றுப்படுகையிலேயே நடை. ஏற்றமே இல்லை. அகன்ற பள்ளத்தாக்கு, இரு பக்கமும் செம்மண்ணும் மஞ்சளும் கருஞ்சிவப்புமாக மலை. பாதை எளிதுதான், கிளை ஓடைகளைத்தான் அடிக்கடி கடக்க வேண்டியிருக்கும். நோர்பு சும்தோவில் பாரே சூ கிழக்கே திரும்பித் திபெத்தை நோக்கிப் போகிறது. நீங்கள் வடக்கே போக வேண்டும், ஆகவே ஆற்றை இங்கே கடந்தே ஆக வேண்டும்.

ஆறு கடக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணிக்குள் கடந்துவிடுங்கள். பகலில் பனி உருகி வரும் நீர் மாலைக்குள் இடுப்பளவு ஏறிவிடும். வெறுங்காலில் இறங்காதீர்கள், குதிகால் வாருள்ள செருப்பு வேண்டும். பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட வேண்டும். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, ஊன்றுகோலை முன்னே ஊன்றி, பக்கவாட்டில் நகருங்கள். மூன்று பேர் கைகோத்துப் போவது இன்னும் நல்லது. நீர் தொடைக்கு மேல் வந்தால் குதிரையில் ஏற்றிக் கடத்தச் சொல்லுங்கள், அல்லது அன்று முகாமிட்டு மறுநாள் காலை வரை காத்திருங்கள்.

ஏழாம் நாள் கியாங்தம், ஏரியின் தென்முனை. சதுப்புப் புல்வெளி, கியாங் என்ற காட்டுக் கழுதைகள் கூட்டமாக ஓடும். எட்டாம் நாள் ஏரியின் மேற்குக் கரையோரமாகக் கோர்சோக். நீளமான நாள் இது, களைத்தவர்கள் இடையில் ஓர் இரவு தங்கலாம். ஏரி நீர் உவர்ப்பு, குடிநீருக்கு ஓடைகளைத்தான் தேட வேண்டும். கிழக்கே 6,600 மீட்டர் தாண்டிய சம்சேர் காங்ரி, லுங்சேர் காங்ரி சிகரங்கள். 2002இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இந்த ஏரியில் வரித்தலை வாத்துகள் குஞ்சு பொரிக்கின்றன. குளிர்காலத்தில் திருநெல்வேலியின் கூந்தன்குளத்தில் நாம் பார்க்கும் அதே இனம். கரையோரச் சதுப்பில் கூடுகள் இருக்கும், பாதையைவிட்டு இறங்காதீர்கள்.

போங்ரோஜெனில் எடுக்க வேண்டிய முடிவு

உயர மலை நோயைப் பற்றித் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இதற்கு நம்பகமான மருந்து ஒன்றுதான்: உடனே கீழே இறங்குவது. பராங் லாவைத் தாண்டிய பிறகு அது எளிதில் முடியாது. வடக்குப் பக்கம் முதல் முகாமே 5,000 மீட்டர். அங்கிருந்து இரண்டு நாள் நடந்தாலும் 4,600க்குக் கீழே போக முடியாது, கோர்சோக்கே 4,500க்கு மேல். தெற்குப் பக்கம் போங்ரோஜெனிலிருந்து திரும்பினால் சில மணிநேரத்திலேயே ஆற்றுப் பள்ளத்துக்கு இறங்கிவிடலாம், அங்கிருந்து கிப்பருக்கும் காசா மருத்துவமனைக்கும் வழி தெரிந்த பாதை. ஆகவே கணவாய்க்கு முந்தைய மாலைதான் கடைசி வாய்ப்பு.

அன்று மாலை குழுவில் ஒவ்வொருவரும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டும் போகாத தலைவலி, வாந்தி, சாப்பாட்டை வெறுப்பது இருந்தால் மேலே போகக்கூடாது. நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர்கோத்திருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நுரையோடு இருமினாலோ நுரையீரலில் நீர் சேர்கிறது. இந்த இரண்டும் இருந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்காமல், ஆக்சிஜனும் துணையும் கொடுத்து இறக்கிவிட வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரின் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆளைப் பாருங்கள்.

உயர நோயைத் தடுக்க எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றிக் கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். விரல் நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அதன் இயல்பான விளைவுகள். உடற்பயிற்சி செய்து வலுவாக இருப்பவருக்கு இந்த நோய் வராது என்று நினைக்காதீர்கள். வெள்ளியங்கிரி ஏறிப் பழகிய கால் ஏற்றத்துக்கு உதவும், உயரத்துக்கு உதவாது. வலுவானவர் வேகமாக ஏறிவிடுவதால் சில நேரம் அவருக்கே முதலில் வருகிறது.

3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு என்ற கணக்கை இந்தத் திட்டம் பெரும்பாலும் பின்பற்றுகிறது. ஒரு நாளை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

மூட்டையில் என்ன?

மைனஸ் 10 டிகிரி தாங்கும் தூக்கப்பை, தரையின் குளிர் ஏறாத விரிப்பு, கணுக்கால் மூடும் பழகிய பூட்ஸ், ஆறு கடக்கச் செருப்பு, மழைச்சட்டை, இரண்டு சோடிக் கையுறை, நல்ல கருங்கண்ணாடி, ஊன்றுகோல் இரண்டு, பனியில் வழுக்காதிருக்கப் பூட்ஸில் மாட்டும் முள்பட்டை. பூட்ஸைப் புதிதாக வாங்கி நேரே இங்கே வராதீர்கள்.

சமையலைப் பற்றி ஒரு வார்த்தை. 4,500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு வேகாது, பருப்பு வேகவே வேகாது. குழுவிடம் பிரஷர் குக்கர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பசி குறையும் உயரத்தில் நாக்குக்குப் பழகியது வேண்டும் என்பதால், புளியோதரைப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொஞ்சம் எடுத்துப் போவது வீண் சுமை அல்ல. எந்தப் பிளாஸ்டிக் உறையையும் வழியில் புதைக்காதீர்கள். அந்தக் குளிரில் எதுவும் மக்காது.

காப்பீட்டுத் தாளில் 5,000 மீட்டருக்கு மேல் செல்லுபடியாகுமா என்று பாருங்கள். பல திட்டங்கள் 4,000 மீட்டரிலேயே நின்றுவிடுகின்றன.

சாங்பாக்களின் கூடாரத்தில்

பாரே சூ வெளிகளிலும் ஏரியைச் சுற்றியும் சாங்பாக் கூடாரங்களைப் பார்க்கலாம். யாக் மயிரால் நெய்த கறுப்புக் கூடாரத்துக்கு ரேபோ என்று பெயர். புகை வெளியேறும், மழை பெரிதாக உள்ளே வராது. இப்போது வெள்ளைக் கான்வாஸ் கூடாரங்களும் நிறைய. எந்த மேய்ச்சல் நிலத்துக்கு எப்போது போவது என்பதை ஊர்த்தலைவர் கோபாவும் மூத்தவர்களும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள்.

உலகம் பஷ்மினா என்று கொண்டாடும் மென்மயிர் இவர்கள் ஆடுகளின் அடிமயிர்தான். குளிர் குறையும் பருவத்தில் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஆட்டை வெட்டுவதில்லை, மயிரை மழிப்பதும் இல்லை. விலையின் பெரும்பகுதி நெசவிலும் வணிகத்திலும் போய்விடுகிறது. வேலை கடினம், குளிர்காலப் பனி மந்தையையே அழித்துவிடும், பிள்ளைகளின் பள்ளி லேயில். இவையெல்லாம் சேர்ந்து குடும்பங்களை நகரத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. இந்த வாழ்க்கை இன்னும் நடக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அதனால்தான் இதைக் காட்சிப்பொருளாக்கும் பயணிகளைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

கூடாரத்தை நெருங்கும்போது தூரத்திலேயே நின்று குரல் கொடுங்கள். காவல் நாய்கள் பெரியவை, உண்மையிலேயே கடிக்கும். யாராவது வெளியே வந்து நாயைப் பிடித்தபின்தான் மேலே நடக்க வேண்டும். முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுக் கேளுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கு மிட்டாயும் பணமும் கொடுப்பதைத் தவிர்த்து, விருந்தோம்பலுக்குக் கைம்மாறாகத் தேயிலையோ மாவோ வீட்டுப் பெண்ணிடம் கொடுங்கள். சுர்பே என்ற உலர்ந்த பாலாடைக்கட்டி விற்பார்கள். விலைக்கே வாங்குங்கள்.

ஆடுமாடு வரும் நேரத்தில் மந்தைக்கு நடுவே நடக்காதீர்கள். நீரோடையின் அருகே முகாமிடும்போது மந்தை நீர் குடிக்கும் இடத்தை விட்டு மேலேயோ கீழேயோ தள்ளிப் போடுங்கள். முகாம் எங்கே போடலாம் என்பதை அங்கே மேய்ப்பவர்களிடம் கேட்பதுதான் முறை.

கோர்சோக்கில் முடித்தல்

கோர்சோக் மடம் திபெத்திய பௌத்தத்தின் த்ருக்பா காக்யு பிரிவைச் சேர்ந்தது. ஜூலை, ஆகஸ்டு வாக்கில் நடக்கும் குஸ்தோர் விழாவில் முகமூடி நடனம் உண்டு, சாங்பாக் குடும்பங்கள் கூடும் நாள் அது. ஊரை ஒட்டிச் சில வாற்கோதுமை வயல்கள் இருக்கின்றன, இவ்வளவு உயரத்தில் விளைவதே அரிது. ஒரு நாள் தங்கி ஓய்வெடுங்கள், பிறகு மாஹே, சுமாதாங், உப்ஷி வழியாக லேவுக்கு வண்டி. மாஹே பாலத்துச் சோதனைச்சாவடியில் அனுமதித் தாள்களைக் காட்ட வேண்டும். வழியில் சும்தோ என்ற இன்னொரு ஊர் வரும், ஸ்பித்தியின் சும்தோ வேறு. திபெத்திலிருந்து வந்த அகதிகளின் குடியிருப்பும் பள்ளியும் அங்கே இருக்கின்றன. வண்டியை முன்பே லேயிலிருந்து ஏற்பாடு செய்திருப்பது நல்லது. கோர்சோக்கில் தற்செயலாகக் கிடைப்பதை நம்ப வேண்டாம்.

கிளம்பும் முன் குதிரைக்காரர்களோடு கணக்கை முடியுங்கள். கூலியையும் அன்பளிப்பையும் வழிகாட்டி கையில் மொத்தமாகத் தராமல், ஒவ்வொருவர் கையிலும் நேரடியாகக் கொடுக்கலாம். மிஞ்சிய அரிசி, பருப்பு, எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் அவர்களுக்கு. திரும்பும் வழியில் அதுதான் அவர்கள் சாப்பாடு. கையுறையோ கம்பளிக் குல்லாவோ கூடுதலாக இருந்தால் அதையும் கொடுங்கள். குப்பை மூட்டையை மட்டும் அவர்கள் குதிரையில் ஏற்றாமல் உங்கள் வண்டியில் லே வரை கொண்டுபோங்கள்.